அடிவேர் வரை நனைத்தேன்

திருப்பூரில் தண்ணீரைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, தண்ணீர் லாரி வைத்திருப்பவர்கள். இரண்டு, தண்ணீரைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர்கள். முதல் வகையால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. போன் செய்தால் தண்ணீர் வரும், அல்லது "நாளைக்குங்க" என்று பதில் வரும். இரண்டாவது வகையிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் இரண்டாவது வகை. டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்தவள். சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு நிலையத்தில், ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சாயத்தோடு உள்ளே வரும் தண்ணீர் என்னவாக வெளியே போகிறது என்று நாள் முழுவதும் அளந்துகொண்டிருப்பேன். எதையும் எண் போட்டு யோசிப்பது எனக்குப் பழக்கம். (கோயிலில் சாமி கும்பிடும்போதும் வேண்டுதல்களை வரிசைப்படுத்தித்தான் சொல்வேன். அவிநாசி சிவனுக்கே என்னைக் கண்டால் அலுப்பாக இருக்கும் என்பார் என் அம்மா.)

அம்மாவும் நானும் இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு மரகதக்காவுடையது. நடுவில் ஒரே சுவர், மேலே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே மொட்டை மாடி. அக்காவுக்கு நாற்பதுகளின் நடு வயது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் டீ-சர்ட்டுகளை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அக்காவுக்கு உலகத்தில் எல்லாமே மூன்று குவியல்தான்: பாஸ், திருத்தினால் தேறும் ஆல்டர், ரிஜெக்ட். நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஏற இறங்கப் பார்ப்பார். "ஏங்கண்ணு, சுடிதாரு பாஸு. துப்பட்டா ஆல்டரு. முகத்த என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல." அவர் கணவர் துரைசாமி அண்ணன் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். அக்கா பேசும் அளவைப் பார்த்து, தன் பங்கையும் அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்ட மனிதர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்களும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மாடி முழுக்க அக்காவின் செடிகள். முல்லை, செம்பருத்தி, கனகாம்பரம், கறிவேப்பிலை, ரோஜா, கத்தரி, ஒரு மூலையில் யாரையும் எதிர்பார்க்காத கற்றாழை. உடைந்த வாளி, வெட்டிய கேன், பெயிண்ட் டப்பா எல்லாம் தொட்டிகள். காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் ஒரு வாளியும் மக்குமாக மேலே போய் ஆளுக்கொரு மக் ஊற்றுவார். பிடித்த செடிக்கு ஒன்றரை. அதோடு முதல் நாள் கம்பெனியில் நடந்ததையும் ஒவ்வொரு செடியிடமும் சொல்வார்.

இதை நான் படித்த கண்ணோடு பார்த்து, மரியாதை கருதி வாய் திறக்காமல் இருந்தேன். மேல் மண் மட்டும் நனைகிறது, அடி மண் காய்ந்து கிடக்கிறது, வேர் தண்ணீரைத் தேடி மேலே வருகிறது, மேலே வந்த வேரை வெயில் சுடுகிறது. ஒருநாள் அக்கா இல்லாத நேரத்தில் மருந்து பூசாத ஊதுபத்திக் குச்சி ஒன்றைச் செம்பருத்தித் தொட்டியில் ஆழமாகச் செருகி எடுத்துப் பார்த்தேன். நுனியில் ஈரமே இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட திருப்தியை வெளியில் சொல்ல முடியாது.

பிறகு அக்காவுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஈறில் ரத்தம் வந்தது. கையில் காரணமில்லாமல் நீலநீலமாகக் கன்றிப் போனது. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். உடனே சேர்ந்துவிட வேண்டும், வாரக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

கிளம்பும் அன்று காலை காரில் உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இவரு ஊட்டச் சாத்தி வெச்சுருவாரு. கொசு அடையறதப் பத்திக் கவலையில்ல. செடிக்கு மட்டும் தண்ணி வுட்டுரு."

"பாத்துக்கறேனுங்க்கா."

"ரொம்ப ஒண்ணும் மெனக்கெடாத. ஆளுக்கொரு மக்."

"சரிங்க்கா."

"திரும்பி வந்தா மொதல்ல மாடிக்குத்தான் போவேன். ஊட்டுக்குள்ள வர்றதெல்லாம் அப்பறம்."

அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். திரும்பி வரும்போது மாடி இருக்க வேண்டும். அண்ணன் முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் திரும்பியதும் நான் மாடிக்குப் போய் அந்த மக்கை எடுத்து ஓரமாக வைத்தேன். இனி இங்கே அறிவியல் முறைப்படித்தான் தண்ணீர் ஊற்றப்படும்.

அந்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். முறையில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊற்ற வேண்டும். இலையில் தெளிக்கக் கூடாது, தண்டுக்கு அருகில் மண்ணில் ஊற்ற வேண்டும். குச்சியைச் செருகிப் பார்த்து, கீழே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றினால் இரண்டு சுற்றாக ஊற்ற வேண்டும்: முதல் சுற்று மெதுவாக, இறுகிய மண் வாய் திறப்பதற்கு. கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது சுற்று, அடி ஓட்டை வழியாக வழிகிற வரை. வழிந்ததைத் தட்டில் தேங்க விடக் கூடாது. மேல் மண்ணைத் தேங்காய் நார் போட்டு மூட வேண்டும். இந்த வரிசையை அம்மாவிடம் ஒப்பித்தபோது, "மாப்பிள்ளை வந்தாக்கூட இத்தன உபசாரம் கெடையாது" என்றார்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதுதான் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தென்னந்துடைப்பமாகிவிடும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும், குடிக்கவே அளந்துதான். ஆனால் எங்கள் நிலையத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சாயக் கழிவை வடிகட்டினால் இரண்டு தண்ணீர் கிடைக்கும். ஒன்று, மழைத் தண்ணீர் போலச் சுத்தமானது. இன்னொன்று, சாயம் போடும்போது சேர்த்த உப்பெல்லாம் திரண்ட உப்புத் தண்ணீர். அதையும் வீணாக்காமல் சாயம் போடவே திருப்பி அனுப்புவோம். இரண்டையும் கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. (இது பின்னால் முக்கியமாகப் போகிறது.)

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, சுத்தத் தண்ணீரைத் தினமும் கேனில் பிடித்து ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தேன். பிடித்து வைக்கிற பொறுப்பு ராம்கிஷன் என்ற ஆபரேட்டருடையது. பீகாரிலிருந்து வந்தவர். பெரிய மீசை, என் அப்பா வயது. முதல் நாள் குழாயைக் காட்டி எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்தேன்: "ரோஜ். யஹீ நல். பூரா." தினமும். இந்தக் குழாய். நிறைய. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

முதல் சில வாரங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். கறிவேப்பிலை துளிர்த்தது. கத்தரி காய்த்தது. முல்லை கொடி வீசி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொட்டு வைக்கத் தொடங்கியது. தினமும் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவேன். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கூப்பிடுவார்.

"இதென்ன கண்ணு, என்ற செடி எனக்கே அடையாளந் தெரியல. எங்கியாவது வாடகைக்கு எடுத்து வெச்சுப் போட்டோப் புடிக்கிறியா?"

"முறையாத் தண்ணி ஊத்துனா அப்படித்தானுங்க்கா."

"அப்ப நா ஊத்துனது முறையில்லீங்களா, டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்லலீங்க்கா." (அப்படித்தான் சொன்னேன்.)

"இங்க சன்னலத் தொறந்தா எதுத்த கட்டடத்துச் செவுருதான் தெரியுது. பெயிண்டு கூட அடிக்கல, ரிஜெக்ட்டு செவுரு. அந்த முல்லையத்தான் பாத்துட்டுக் கெடக்கறேன். நா வர்றப்ப பூத்துருமா?"

"பூத்துருமுங்க்கா."

நம்பிக்கையாகத்தான் சொன்னேன். நம்பிக்கைக்குக் குச்சி ஆதாரமும் இருந்தது.

அந்தச் சமயத்தில் நிலையத்தில் பராமரிப்பு வேலை நடந்தது. சில குழாய்களை மாற்றிப் பொருத்தினார்கள். சுத்தத் தண்ணீர் வந்துகொண்டிருந்த குழாயில் இனி உப்புத் தண்ணீர் வரும் என்று முடிவானது. எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று ஓர் அறிவிப்பு எழுதி அந்தக் குழாய்க்கு மேலேயே ஒட்டினார்கள். எழுதியது யார்? நான்தான். எண் போட்ட குறிப்புகள், சிவப்பு மையில் அடிக்கோடு, முத்து முத்தான கையெழுத்து. மேனேஜர் கூடப் பாராட்டினார்.

தமிழில் எழுதியிருந்தேன்.

அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு இந்திதான் படிக்கத் தெரியும் என்பது, தினமும் அவர்களோடு டீ குடிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றத்தைப் பற்றி நான்தான் எழுதினேன், ஆகவே எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் கேனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல. ராம்கிஷன் எப்போதும்போல அதே குழாயில், தினமும், நிறையப் பிடித்து வைத்தார்.

கனகாம்பரம் முதலில் தலை தொங்கியது. நான் பதறவில்லை. பதறுவது அறிவியல் அல்ல. சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தினேன். வெயில். வேருக்குத் தண்ணீர் எட்டாமை. மூன்றாவதாக "இடமாற்ற அதிர்ச்சி" என்று போட்டேன். (செடிகள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. இடம் மாறியிருந்தது அக்கா.) மூன்றுக்கும் ஒரே சிகிச்சைதான், இன்னும் ஆழமாக நனைப்பது. இரண்டு சுற்று மூன்று சுற்றானது. சின்னத் தொட்டிகளைத் துணி ஊறவைக்கிற டப்பில் தண்ணீர் நிரப்பி அப்படியே இறக்கி வைத்தேன், அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று.

செம்பருத்தியின் இலை ஓரங்கள் தீயில் வாட்டினதுபோலச் சுருண்டன. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. நாளெல்லாம் உப்பை அளப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற நான், குனிந்து பார்த்து, "பழைய உரம் மேலே வந்திருக்கிறது, நல்ல அறிகுறி" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செடிகள் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன. உப்பு மிகுந்த மண்ணில் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. உள்ளே இருப்பதையும் உப்பு வெளியே இழுத்துவிடும். இது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

விஷயம் வெளியே வந்தது ஒரு டீயால்.

அண்ணன் மாற்றுத் துணி எடுக்க ஒரு சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். "உக்காரு கண்ணு, டீ வெக்கறேன்" என்று அடுப்படிக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள், ஒருவர் வைத்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. குடித்துவிட்டுக் குறை சொல்லவும் வராது.

ஒரு வாய் குடித்தேன். கடல்.

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பாவம், அக்கா இல்லாத வீட்டில் இந்த மனிதருக்குச் சர்க்கரை எது உப்பு எது என்று கூடத் தெரியவில்லை. இவர் மனம் எந்த நிலையில் இருக்கும்! இதைச் சொல்லி அவரை நோகடிக்கக் கூடாது. அண்ணனும் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் ஒரு கணம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"டீ எப்படி கண்ணு?"

"நல்லா இருக்குதுங்ணா."

"ம். நல்லாத்தான் இருக்குது."

இரண்டு பேரும் ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் நினைத்து, எதிரெதிரே உட்கார்ந்து, அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தோம். டம்ளரைக் கழுவ நான்தான் எடுத்துப் போனேன். அடுப்படியில் உப்பு ஜாடி மேல் தட்டில், அக்கா மூடி வைத்துப் போன மூடியோடு அப்படியே இருந்தது. திறந்து கிடந்தது சர்க்கரை டப்பா. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. பக்கத்தில், பாதி காலியாக, நான் மாடிப்படியில் வைத்திருந்த என் கேன்.

"ஏனுங்ணா, இந்தத் தண்ணியிலயா டீ வெச்சீங்க?"

"ஆமா கண்ணு, கொழாயில தண்ணி வரல. நீதான் சொல்லுவியே, மழைத் தண்ணியாட்ட இருக்கும்னு." கொஞ்சம் தயங்கினார். "ஆஸ்பத்திரியிலயே கெடந்து என்ற நாக்குத்தான் செத்துப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா அளவு மீட்டர் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். ஊருக்கெல்லாம் அளந்து சொல்கிற அதை, என் கேனில் ஒருமுறை கூட நனைத்ததில்லை. அன்று நனைத்தேன். வந்த எண்ணை இங்கே எழுத மனமில்லை.

மறுநாள் ராம்கிஷனிடம் கேட்டபோது, அவர் என் விரல் அன்று காட்டிய குழாயைத் தன் விரலால் காட்டினார். "மேடம், யஹீ நல்." குழாய்க்கு மேலே என் அறிவிப்பு. மூலை பிய்ந்து தொங்கியதை அவர்தான் டேப் வைத்து ஒட்டியிருந்தார். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல், மேடம் எழுதியது கிழியக் கூடாதென்று. அவரிடம் கோபப்பட ஒன்றுமே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். மாடிக்கு வந்து பார்த்தார். எல்லாம் குச்சி. முல்லைக் கொடி கம்பியைப் பிடித்தபடியே காய்ந்திருந்தது. மொட்டுகள் பழுப்பாகி, தொட்டதும் உதிர்ந்தன. அவர் திட்டவில்லை. "அவகிட்ட இப்பச் சொல்லாத கண்ணு. கவுண்ட் ஏறட்டும்" என்று மட்டும் சொன்னார். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அது ஏறினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மாடியைச் சரி செய்ய எனக்கு அவகாசம் இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா டாக்டரை நச்சரித்து, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று அனுமதி வாங்கிவிட்டார். கார் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். அண்ணன் கார்க் கதவைத் திறந்தபடி என்னைப் பார்த்த பார்வையில், "நா எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்று எழுதியிருந்தது.

சொன்னது போலவே அக்கா வீட்டுக்குள் போகவில்லை. முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னால் ஏறினேன். "அக்கா, செத்த ரெஸ்ட் எடுத்துட்டுப் போலாமுங்க்கா" என்றேன். "அக்கா, வெயிலா இருக்குதுங்க்கா" என்றேன். மாலை ஆறு மணி.

மாடிக் கதவைத் தாண்டி நின்று பார்த்தார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும், மேசையில் விரித்த துணியைப் பார்ப்பதுபோல மெதுவாகப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண் போடாமல், முன்னுக்குப் பின் முரணாக, குழாய், அறிவிப்பு, இந்தி, டீ என்று உளறினேன். அழுதேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். அந்தத் தலையில் ஒரு முடி இல்லை.

"ஏங்கண்ணு, எனக்குக் கீமோ போட்டது பத்தாதுன்னு என்ற செடிக்கும் போட்டுட்டியா?"

நான் அழுகையை நிறுத்தி விழித்தேன்.

"பாரு, எல்லாருக்கும் மொட்ட. கற்றாழைக்கு மட்டுந்தான் ஒண்ணுமில்ல. அவளுக்கு எப்பவும் அப்படித்தான், எந்த நோவும் அண்டாது." திரும்பி, "ஏனுங்க, ஒரு போட்டோ எடுங்க. நானும் இவங்களும் ஒரே ஜாடையா இருக்கறம்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் போனை எடுத்தார். படம் எல்லாமே மங்கலாக விழுந்தது.

சிரித்து முடித்த பிறகு முல்லைப் பக்கம் பார்த்தார். மண்ணைத் தொடக் கூடாது, செடி கிட்டே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கதவருகிலேயே நின்றார்.

"நா ஆளுக்கொரு மக்குத்தான சொன்னேன்?"

"ஆமாங்க்கா."

"அப்பறம் ஏன் அத்தன ஊத்துன?"

"அடி வரைக்கும் போகோணும்னுதானுங்க்கா."

அக்கா துண்டை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டார். "எனக்கும் அதயேதான் சொல்லி ஏத்துனாங்க" என்றார்.

உப்பேறிய மண்ணுக்கு ஒரே வைத்தியம்தான் இருக்கிறது. அதை எழுத எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நல்ல தண்ணீரை மெதுவாக, ஆழமாக, அடி ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்ற வேண்டும். வழிந்ததை அளக்க வேண்டும். மறுபடி ஊற்ற வேண்டும். நான் செய்ததையே, நல்ல தண்ணீரில், மறுபடி செய்ய வேண்டும்.

காய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டு மறுநாளே ஆரம்பித்தேன். இப்போது கேனை நானே பிடித்தேன், நானே அளந்தேன். அக்கா கதவருகில் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தொட்டிக்கு அடியில் கிண்ணம் வைத்து, வழிகிற தண்ணீரில் மீட்டரை நனைத்து நான் எண்ணைப் படிக்க வேண்டும்.

"செம்பருத்தி எவ்வளவு?"

சொல்வேன்.

"அம்மாடி! இதுல பாதி எனக்கு இருந்தா நாளைக்கே வேலைக்குப் போயிருவேன். எனக்கு ஏறோணும், அதுக்கு எறங்கோணும். ரெண்டு பேருல யாரு மொதல்ல பாஸ் ஆகறமுன்னு பாப்பம்."

கம்பெனியிலிருந்து பார்க்க வந்த தோழியிடம் சொல்லி ஸ்டிக்கர் சுருள் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தொட்டியிலும் நான் அம்புக்குறி ஒட்டினேன். கத்தரி ரிஜெக்ட். ரோஜா ரிஜெக்ட். கனகாம்பரம் ரிஜெக்ட். கறிவேப்பிலையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் நூல் அளவுக்குப் பச்சை இருந்தது. "ஆல்டரு" என்றார். செம்பருத்தியும் ஆல்டர். முல்லையை எத்தனை இடத்தில் கீறியும் பழுப்புதான். நான் ஸ்டிக்கரை விரலில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"அத அப்படியே வுடு" என்றார்.

அதன்பின் காய்ச்சல் வந்து மறுபடி கோயம்புத்தூருக்குப் போனார். தினமும் போனில் எண் கேட்பார். நான் சொல்வேன். தன்னுடையதைச் சொல்வார். என்னுடைய எண்கள் ஒவ்வொரு நாளும் நன்றாக இறங்கின. ஒரு நாள் அவர் என்னுடையதை மட்டும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குது கண்ணு" என்று போனை வைத்துவிட்டார். அவருடையதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போனை அண்ணன்தான் எடுத்தார்.

மரகதக்கா வீட்டுக்கு வந்தபோது, மாடிக்கு அவரை யாரும் ஏற்றவில்லை.

காரியத்தன்று தாராபுரம், குன்னத்தூர் பக்கத்துச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. பந்தலில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள யாருங்க?" என்று கேட்டார். அண்ணன் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "இதுதானுங்க, மரகதத்தோட செடிக்குக் கீமோ போட்ட புள்ள" என்றார். ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் அவரே முழுக் கதையையும் சொன்னார், டீ உட்பட. அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெரியம்மா, அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் அவர்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு அதுதான் பெயர். காப்பி கொடுக்கும்போது, "நல்லா இருந்தாலும் இல்லைன்னாலும் சொல்லிப்போடோணும், ஆமா" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

மாடியில் இப்போது கறிவேப்பிலையும் செம்பருத்தியும் கற்றாழையும் இருக்கின்றன. முல்லைத் தொட்டியில் அண்ணன் எதுவும் வைக்கவில்லை, மண்ணையும் கொட்டவில்லை. தண்ணீர் ஊற்றுவது அவர்தான். ஊற்றுவதற்கு முன்னால் வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்.

"கண்ணு, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

முதல் தடவை நான், "ஆத்துத் தண்ணிதானுங்ணா, நீங்க குடிக்கறதுதான" என்றேன்.

"நாங் குடிக்கறதுக்குன்னா கேக்க மாட்டேன் கண்ணு. இது செடிக்கு."

அன்றிலிருந்து மறுத்துச் சொன்னதில்லை. மீட்டரை நனைப்பேன். எண் நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர் பேசுவார். மெஷினில் ஊசி உடைந்தது, செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது, அக்கா கனவில் வந்து சட்டையில் பொத்தான் இல்லை என்று திட்டியது. நாள் முழுக்க அவர் வேறு யாரிடமும் பேசுவதாகத் தெரியவில்லை. எண்ணைச் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் படியேறிவிடுவார்.

போன வாரம் ஒரு காலையில் மீட்டரை நனைத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மாற்று பேட்டரி ஆய்வகத்தில் இருந்தது. அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு நூல் கோக்கத் தெரியாததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெற்றுத் திரையைப் பார்த்தபடியே குனிந்து நின்றேன். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

"ஊத்தலாமா கண்ணு?"

"ஊத்தலாமுங்ணா" என்றேன்.